அப்பாவின் வெள்ளைக் காலுறை

நான் இப்போது வசிக்கும் நார்வே நாட்டுக் கிராமத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் காலணியை வாசலிலேயே கழற்ற வேண்டும். இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அதனால்தான் முதல் முறை ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது நான் எதையும் யோசிக்கவில்லை. காலணியைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றிச் சுருட்டி அதற்குள் செருகிவிட்டு வெறுங்காலோடு கூடத்துக்குள் நடந்தேன். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான். வெளியே போட்டுக்கொண்டு போன எதுவும் உள்ளே வரக் கூடாது. கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் பாதங்களைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருடைய கால்களிலும் தடித்த கம்பளிக் காலுறைகள் இருந்தன. இந்த ஊரில் வெறும் பாதம் குளியலறைக்கும் படுக்கைக்கும் உரியது, விருந்துக்கு உரியது அல்ல. அந்த வீட்டுக்காரி சிக்ரித் என்னோடு வேலை செய்பவள், என் வயதுக்காரி. கதவருகே இருந்த ஒரு கூடையிலிருந்து சாம்பல் நிறக் காலுறை ஒரு ஜோடியை எடுத்து நீட்டினாள். நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது தவறு கிளம்பும்போது நடந்தது. நம் பக்கம் ஒரு பெண் முதல் முறையாக வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியாவது மடித்துத் தருவார்கள். அந்தக் காலுறையை நான் அந்தக் கணக்கில் வைத்தேன். அதைப் போட்டபடியே காலணிக்குள் காலை நுழைத்து, மிகவும் அழகாக இருக்கிறது என்று நன்றி சொன்னேன். சிக்ரித் கூடையைப் பார்த்தாள், பிறகு என் கால்களைப் பார்த்தாள். எல்லா வீட்டு வாசலிலும் அதே போன்ற கூடை இருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கால் குளிர வரும் விருந்தாளிகளுக்கான பொதுச்சொத்து அது. போகும்போது திரும்பக் கூடையில் போட்டுவிட வேண்டும். வேலையிடத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். திருப்பித் தர வேண்டாம், வேண்டுமானால் பதிலுக்கு ஒரு ஜோடி பின்னிக் கொடு என்றாள். அது வேடிக்கைக்குச் சொன்னது என்பதும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை, என்ன அளவு ஊசி வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

இப்படித்தான் நான் காலுறை பின்னக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நான் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தில் கட்டுப்பாட்டுப் பொறியாளர். மனிதர் போய் நிற்க முடியாத இடங்களில், குழாய்க்குள்ளும் சுழலியின் அச்சுக்குள்ளும், வெப்பத்தையும் அதிர்வையும் உணர்ந்து சொல்லும் உணரிகளைப் பொருத்துவதும் அவை ஒழுங்காகச் சொல்கின்றனவா என்று பார்ப்பதும் என் வேலை. எங்கள் கூட்டங்களில் சிக்ரித் பின்னிக்கொண்டேதான் பேசுவாள். மேலாளர் அதை ஒரு குறையாக நினைப்பதே இல்லை. அவளைப் பார்த்து நானும் சாப்பாட்டு நேரத்தில் நான்கு ஊசிகளில் நூல் கண்ணிகளை ஏற்றி, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னினேன். வேலை கையில் ஓடிக்கொண்டிருந்தாலும் மனம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் கிடந்தது. அது அப்பாவின் கால்கள்.

அப்பாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. கொஞ்சம் நெல், கொஞ்சம் மல்லாட்டை என்று சொந்த நிலத்தில் பயிர் வைத்து இன்றும் உழைக்கிறவர். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். போன வருடம் ஒரு நாள் பெட்ரோல் பங்கில் பைக்கை நிறுத்தி, ஒரு காலை ஊன்றியபடி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வலது குதிகாலின் ஓரம் சைலன்சரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் எதுவோ கருகுது பெரியவரே என்று சொன்னபோது, அப்பா குனிந்து வண்டியைத்தான் பார்த்தாராம். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. அம்மா போனில் இதை ஒரு தமாஷ் போலச் சொன்னாள். நான் அன்று மாலை முழுக்க ஒரு கண்ணிகூடப் பின்னவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஊரிலிருந்து வரும் கெட்ட செய்திகள் எப்போதும் முடிந்துபோன செய்திகளாகவே வருகின்றன. பதறுவதற்குக்கூட நமக்கு நேரம் கடந்துவிட்டிருக்கும்.

விடுமுறை கிடைத்ததும் ஊருக்கு வந்தேன். முதல் வேலையாக அப்பாவைத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையை எடுத்தார். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றார். அப்பா பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தெரியுது,” என்றார். “தெரியுது.” “இப்பவும் தெரியுது.”

மருத்துவரின் கை அப்போது காற்றில் நின்றுகொண்டிருந்தது. இழை உண்மையாகவே பெருவிரலுக்குக் கீழே அழுந்தி வளைந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவர் என்னைப் பார்த்தார். இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மாதாமாதம் போகும் கிரிவலத்தையும் நிறுத்திவிட வேண்டும் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், “எல்லாத்துக்கும் கரெக்டா சொன்னனா பாப்பா?” என்று கேட்டார். நான் ஆட்டோ வருகிறதா என்று பார்ப்பதுபோலச் சாலையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறார். வேண்டுதல் என்று எதுவும் இல்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல அது அவருக்கு ஒரு வேலை. இரவு கூட்டம் கலைந்த பிறகு, விடியலில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் சுற்றி முடித்துவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம்கூட வராது. செருப்புப் போட்டுனு மலைய சுத்தறதுக்கு வூட்லயே குந்தினு இருக்கலாம் என்பார்.

அதனால் மருத்துவரிடம் நான் தனியாக ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அவர் நடக்கத்தான் போகிறார் என்றால் காலுறை உதவுமா? அது செருப்பாகாது, முள்ளையோ கண்ணாடியையோ தடுக்காது, என்றாலும் வெறுங்காலுக்கு மேல் என்றார். மூன்று விஷயங்கள் சொன்னார். கணுக்காலை இறுக்கக் கூடாது. விரல் நுனியில் தையல் உறுத்தக் கூடாது. நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும், ரத்தம் கசிந்தால் கறை தெரியும். மூன்றாவதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய்ப் பொருந்தியது. உணராத ஒரு இடம், அதன் சார்பாகச் சொல்ல ஒரு கருவி. இது என் தொழில்.

கடையில் வாங்கியது எடுபடவில்லை. அது டாமர் சாலையில் வழுக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது போல இருக்கிறது என்று அப்பா கழற்றி எறிந்தார். என் பையில் பாதி பின்னிய கம்பளிக் காலுறை இருந்தது, அதைக் காட்டினேன். எதில் செய்தது என்று கேட்டார். சொன்னேன்.

“ஆட்டு முடிய கால்ல சுத்தினு, இந்த வெயில்ல நான் மலைய சுத்தணுமா?”

அம்மா கறவைக்குப் போகிற அவசரத்திலும் நின்று சிரித்தாள். அப்போ பருத்தி நூலில் பின்னுகிறேன் என்றேன். அப்பா வாசல் பக்கம் பார்த்தார். அம்மா பால் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, “வேட்டியும் நூலுதான? இடுப்புல கட்டினா சாமிக்கு ஆவும், கால்ல கட்டினா ஆவாதா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மாட்டிடம் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அப்பா மறுக்கவில்லை என்றால் அது பாதிச் சம்மதம்.

நூல் தேடித் திருவண்ணாமலைக்குப் போனேன். கோயிலைச் சுற்றியிருக்கும் கடைகளில் தடித்த வெள்ளைப் பருத்தி நூல் வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பொருளைத்தான் எடுத்து வைத்தார்கள், விளக்குத் திரி. எத்தனை முகம் விளக்கு என்று ஒருவர் கேட்டார். காலுக்கு என்று சொன்னதும் அவர் திரியை உள்ளே இழுத்துக்கொண்டார். கடைசியில் தையல் சாமான் விற்கும் ஒரு ஃபேன்சி ஸ்டோரில், பூ பின்னுவதற்கு வைத்திருந்த பருத்தி நூலுண்டைகள் கிடைத்தன.

அளவு எடுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அப்பாவின் பாதத்தை நான் அதுவரை கையில் பிடித்ததே இல்லை. பண்டிகைக்கு விழுந்து தொட்டிருக்கிறேன், அது விரல் நுனி பட்டு மீள்கிற தொடுதல். டேப்பைச் சுற்றக் காலைத் தூக்கி என் மடியில் வைத்ததும் அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மகள் மடியில் காலை வைப்பதா என்று அவருக்கு உடம்பே கூசியது. கடைசியில் அவர் பழைய செய்தித்தாளின் மேல் எழுந்து நின்றார். நான் சுற்றிலும் பேனாவால் வரைந்துகொண்டேன்.

பிறகு வீட்டு வேலைகளுக்கு நடுவே பின்னினேன். சிக்ரித்தின் ஊரில் பின்னல் என்பது அமைதியான வேலை. வெளியே பனி பெய்யும், உள்ளே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டில் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் குக்கர் கத்தும். எத்தன விசில் வந்துச்சு என்று அம்மா கொல்லையிலிருந்து கேட்பாள். இரண்டு எண்ணிக்கையும் கலந்து, பருப்பும் குழையும் காலுறையும் கோணும். கன்றுக்குட்டி ஒரு முறை நூலுண்டையைக் கழுநீர்த் தொட்டிவரை உருட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லாட்டை உரிக்க வந்த பக்கத்து வீட்டு தேவகி சித்தி என் கையில் குழாய்போலத் தொங்கிய சின்னப் பின்னலைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

“மாப்ளயே இன்னும் பாக்கல. அதுக்குள்ள புள்ளைக்கு சாக்ஸ் பின்னினு குந்தினு இருக்கியா?”

அப்பாவுக்கு என்றேன். அவள் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, பெரியவருக்கு சாக்ஸ் மாட்டி ஷூ மாட்டி டை கட்டி நார்வேக்குக் கூப்டுனு போயிடப் போறியா என்று கேட்டாள். அம்மா தலை குனிந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு சுற்றை முடிக்கும்வரை அவள் நிமிரவே இல்லை. நான் திரும்பிப் போகும் நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வேடிக்கையாகக்கூட.

முதல் காலுறையைப் போட்டுப் பார்த்துக் கழற்றியதும் அப்பாவின் கெண்டைக்காலில் வளையல் பதிந்ததுபோல ஒரு கோடு விழுந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை பிரித்துவிட்டேன். இத்தனை நாள் செய்ததைப் பிரிச்சிட்டியே என்று அம்மா பதறினாள். மறுபடி தளர்வாகப் பின்னினேன். அடிப்பகுதிக்கு நூலை இரட்டையாகப் போட்டேன். குதிகாலைத் திருப்பும் இடம்தான் காலுறையில் கடினமானது, அங்கே எப்போதும் ஒரு சின்ன ஓட்டை விழும். பழைய தீப்புண்ணின் மேல் அந்த ஓட்டை வரக் கூடாது என்று மூன்று முறை பிரித்துப் பின்னினேன். இரண்டாவது ஜோடியைப் பிரிக்க வேண்டிவரவில்லை, மூன்றாவது இன்னும் சீக்கிரம் முடிந்தது.

நான் இருந்த நாட்களிலேயே ஒரு பௌர்ணமி வந்தது. மறுநாள் விடியலில் நானும் அவரோடு போனேன். கிரிவலப் பாதையில் முந்தைய இரவின் மிச்சங்கள் கிடந்தன. பாக்குமட்டைத் தட்டுகள், காகிதக் கப்புகள், அணைந்த கற்பூரத்தின் கரி. மலை மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. நான் மலையைப் பார்க்கவில்லை. அப்பாவின் கால்களுக்கு இரண்டடி முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிர்ப்பட்ட ஒவ்வொரு கல்லும் எனக்கு எதிரி. தள்ளுவண்டியில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் அப்பாவின் கால்களைப் பார்த்து, “கால்ல இன்னா பெரியவரே, கட்டு போட்டிருக்குதா?” என்று கேட்டார். அப்பா வேட்டியைச் சற்றுத் தூக்கிக் காட்டி, “பொண்ணு பின்னினது. வெளிநாட்டுல இருக்குது,” என்றார். அதற்குப் பிறகு நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. யாரும் கேட்காதபோதும் வேட்டியைத் தூக்கினார்.

சுற்றி முடித்து உட்கார்ந்தபோது அடிப்பகுதி கறுத்து, சல்லடைபோலத் தேய்ந்திருந்தது. இடது குதிகாலில் காசளவு சிவப்பு. உடனே கழற்றிப் பார்த்தேன், தோலில் ஒன்றும் இல்லை. மோந்து பார்த்தேன். குங்குமம். லிங்கச் சந்நிதிகளில் கொடுப்பது சிந்தியிருக்கும். கடை வாசல்களில் சுற்றி உடைத்த பூசணிக்காயிலிருந்து வழிந்திருக்கும். வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தில் தடவியிருந்ததாகவும் இருக்கலாம். அந்தப் பாதை முழுக்கச் சிவப்பு. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா மார்பில் கைவைத்து, அப்பாடா என்றாள். அடுத்த தெருவரை இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் வேலையில் நாங்கள் பயப்படுவது ஒலிக்காத அபாய மணிக்கு மட்டும் அல்ல. காரணமில்லாமல் ஒலித்துவிட்ட மணிக்கு அதைவிட அதிகம் பயப்படுவோம். ஒரு முறை பொய்யாக ஒலித்தால் போதும், அடுத்த முறை கேட்பவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் கிளம்பும்போது அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நடந்து வந்ததும் காலைப் பார். நான் பார்ப்பதற்குள் காலுறையைத் துவைக்காதே. அம்மா சரி சரி என்றாள், பொடி வகைகளைப் பையில் அடுக்கியபடி.

அடுத்த பௌர்ணமிக்கு நான் நார்வேயில் இருந்தேன். மறுநாள் எனக்குக் காலை, அவர்களுக்கு மதியம். நிலையத்தின் ஓய்வறையிலிருந்து வீடியோவில் அழைத்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா வந்து சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் இருக்கிறார் என்றாள். காலுறை எங்கே என்று கேட்டேன். அலசிப் போட்டுட்டேன் என்றாள்.

“பாக்காம தொவைக்காதன்னு சொன்னனேம்மா.”

“பாத்தேன்டி. விரல்கிட்ட செவப்பா இருந்துச்சு. குங்குமம்தான். அன்னிக்கும் இப்படித்தான இருந்துச்சு.”

என் குரலை நான் உயர்த்தவில்லை. உயர்த்தினால் அம்மா பயந்துபோய் எதையும் சரியாகச் சொல்ல மாட்டாள் என்று தெரியும். அப்பாவிடம் கொடு என்றேன். அவர் முகம் திரைக்கு வந்தது. ஒண்ணும் இல்ல பாப்பா, நல்லா நடந்தேன் என்றார். காலைக் காட்டுப்பா, ஒரு நிமிஷம் என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“போன்லயா? உன் மூஞ்சிக்கு நேரா நான் கால நீட்டுவனா? இன்னா பேச்சு பேசற.”

நான் கெஞ்சினேன். இது வெறும் திரை, என் முகம் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவரைப் பொறுத்தவரை என் முகம் அங்கே இருந்தது, கண்ணும் நெற்றியுமாக, மகளாக. பெற்ற பெண்ணின் முகத்துக்கு எதிரே உள்ளங்காலை நீட்டுவது எந்த மருத்துவத்துக்காகவும் செய்யக்கூடிய காரியம் அல்ல. இந்த ஊர்க்காரர்களிடம் இதை எப்படி விளக்குவது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. சிக்ரித்திடம் பிறகு சொன்னபோது, உன் அப்பாவுக்கு அவர் பாதங்கள் அசிங்கமாகத் தெரிகின்றனவா என்று பரிவோடு கேட்டாள். இல்லை, என் முகம்தான் காரணம் என்றேன். அவளுக்கு அது இன்னும் குழப்பமாகிவிட்டது.

அப்போது என் கையில் வேறொரு காலுறை பாதி பின்னலில் இருந்தது. பேச்சுக்கு நடுவே விரல்கள் அதை உள்ளும் புறமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தன. பின்னலின் வெளிப்பக்கம் வழவழப்பு, உள்பக்கம் மேடு மேடாக. திடீரென்று அம்மாவிடம் கேட்க வேண்டியது என்ன என்று புரிந்தது. முன்பே, ஊரில் இருந்தபோதே, சொல்லித்தந்திருக்க வேண்டியது. குங்குமம் வெளியிலிருந்து ஒட்டுவது. ரத்தம் உள்ளிருந்து வருவது.

“அம்மா, கறை உள்பக்கம் இருந்துச்சா, வெளிப்பக்கமா?”

“கொடியிலதான் தொங்குது. இரு.”

திரையில் வானம் ஆடியது, ஓட்டு விளிம்பு ஆடியது, அம்மாவின் முந்தானை குறுக்கே வந்தது. ஈரக் காலுறையை அவள் விரல்கள் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பின. சோப்புக்குப் பிறகும் போகாத ஒரு பழுப்பு வளையம், விரல்களுக்குக் கீழே. வெளிப்பக்கத்தைவிட உள்ளேதான் அது பெரிதாக இருந்தது. அம்மா அதைக் கண்ணருகே கொண்டுபோனாள். உள்ளதான் இருக்குது என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

பிறகு அவள் கட்டிலுக்குப் போய், போனைக் கவிழ்த்து வைத்தாள். என் முகம் கட்டில் கயிற்றைப் பார்த்துக் கிடந்தது. இருட்டிலிருந்து குரல்கள் மட்டும் கேட்டன. கால நீட்டுய்யா, அவ பாக்கல, போன கவுத்து வெச்சிட்டேன் என்று அம்மா. அப்பா ஏதோ முனகினார். கட்டில் கிறீச்சிட்டது. ஒரு நீண்ட மூச்சு, அது அம்மாவுடையது.

“உள்ள எதுவோ மின்னுதுடி. கண்ணாடி மாதிரி.”

பிடுங்காதே என்றேன். கழுவாதே, மஞ்சள் வைக்காதே, கீழே ஊன்றவிடாதே, ஆட்டோ பிடித்து நேராக வேங்கிக்காலுக்குப் போ. வரிசையாகச் சொன்னேன், ஒவ்வொன்றையும் அம்மா திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தேன். என் குரல் வேலையில் பேசும் குரலாகவே இருந்தது. அழைப்பைத் துண்டித்த பிறகுதான் கையில் இருந்த பின்னலிலிருந்து ஓர் ஊசி உருவி வந்துவிட்டதைக் கவனித்தேன். அத்தனை கண்ணிகளும் பிடிப்பில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பிறகு கட்டுப்பாட்டு அறைக்குப் போய் என் இருக்கையில் உட்கார்ந்தேன். எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. நிலையத்தின் எந்த மூலையில் என்ன வெப்பம் என்று என்னால் சொல்ல முடிந்தது. ஆட்டோ எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

அன்று மாலைக்குள் செய்தி வந்தது. மெல்லிய கண்ணாடிச் சில்லு. எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே வந்தது நல்லதாயிற்று, இன்னும் சில நாள் அதன் மேலேயே நடந்திருந்தால் விரலை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். ஆறும்வரை நடை கூடாது. அப்பா போனில் வந்து, நான்தான் ஒண்ணும் இல்லன்னு சொன்னனே என்றார். மலை எங்கயும் போவாது, ஆறினதும் பாத்துக்கலாம் என்றார். அதன் பிறகு, சற்று இடைவெளி விட்டு, அடுத்த ஜோடி எப்ப அனுப்புவ என்று கேட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. என் காலுறை அவரைக் காக்கிறதா, அல்லது அது இருக்கும் தைரியத்தில்தான் அவர் போகிறாரா? ஆனாலும் பின்னிக்கொண்டிருக்கிறேன். பின்னாமல் விட்டால் அவர் வெறுங்காலோடு போவார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

கட்டுப் பிரித்ததிலிருந்து வீட்டுக்குள்ளும் காலுறை போடச் சம்மதித்திருக்கிறார். தினமும் எனக்கு இரண்டு அழைப்புகள் வருகின்றன. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அப்பாதான். முதலாவதில் அவர் முகம் வரும். மழை இல்லை, மல்லாட்டை விலை கம்மி, கன்று வளர்ந்துவிட்டது என்று பேசிவிட்டு, வெச்சிடறேன் பாப்பா என்று துண்டித்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் எண்ணிலிருந்து இரண்டாவது அழைப்பு வரும். அதில் அப்பா பேசுவதில்லை. முக்காலியின் மேல் ஒரு பாதம் இருக்கும். அம்மாவின் விரல்கள் காலுறையை உருட்டிக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடிக்கும். பிறகு குதிகால், விரலிடுக்கு, உள்ளங்கால். அப்பா அப்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பதாக அம்மா சொல்கிறாள். அந்தப் பாதம் யாருடையது என்று தெரியாததுபோல நாங்கள் மூன்று பேரும் நடந்துகொள்கிறோம்.

இந்த அழைப்புகள் வரும்போது இங்கே காப்பி நேரம். ஓய்வறையில் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்து, நடுவில் இருக்கும் தாழ்வான மேசையின் மேல் கம்பளிக் காலுறைக் கால்களை நீட்டிக்கொண்டு, ஒருவர் முகத்துக்கு எதிரே ஒருவர் பாதமாகப் பேசிச் சிரிப்பார்கள். நானும் நீட்டப் பழகிவிட்டேன். எப்போது பழகினேன் என்று தெரியவில்லை. போன் அதிர்ந்ததும் என் கால்கள் தாமாகவே மேசையிலிருந்து இறங்கி நாற்காலிக்கு அடியில் மடிந்துகொள்கின்றன. அப்பாவால் பார்க்கவே முடியாத என் பாதங்களை மறைத்து வைத்துக்கொண்டு, அவருடைய பாதத்தைத் திரையில் விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்க்கிறேன். திரை அணைகிறது. பக்கத்தில் சிக்ரித் எனக்கு இடம் விட்டுத் தன் கால்களை நகர்த்துகிறாள். என் ஒரு கால் மேசைக்கு ஏறுகிறது. மற்றது இன்னும் நாற்காலிக்கு அடியிலேயே இருக்கிறது.